ஒரு செமஸ்டர் பெருநகரத்தில் ஓவியம் படிக்க: காகித வேலையிலிருந்து கேன்வாஸ் சுருட்டுவது வரை

சொந்தக் கல்லூரியை விட்டு, வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் வருகை மாணவராக ஓவியம் படிக்கக் கிடைக்கும் ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய 15 வாரம். முதல் வாரம் அறை, அடையாள அட்டை, வழி தெரிந்துகொள்வது என்று போய்விடும். கடைசி வாரத்தை மதிப்பீடும் மூட்டை கட்டுவதும் எடுத்துக்கொள்ளும். இடையில் ஒரு விடுமுறை வரும். உருப்படியாக மிஞ்சுவது 12 வாரம். அதைப் பலர் சொந்தக் கல்லூரியில் செய்ததையே அங்கும் ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து செய்து கழிக்கிறார்கள். இன்னும் சிலர் எல்லா அருங்காட்சியகங்களையும் ஒருமுறை சுற்றிவிட்டு, எந்தப் படமும் மனதில் பதியாமல் ஊர் திரும்புகிறார்கள்.

படத்தை நிறுத்தி வரையும் தாங்கியும் வண்ணமும் நல்ல ஆசிரியரும் எங்கேயும் கிடைப்பார்கள். மூலப் படத்துக்கு முன்னால் எட்டாவது முறையாகப் போய் நிற்கும் வசதிதான் பெருநகரத்தில் மட்டும் கிடைப்பது. பாடத் தேர்வு, அறை, செலவு என்று கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வசதியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்தான்.

புறப்படும் முன் காகித வேலை

திரும்பி வந்தபின் அதிகமாக வருத்தம் தருவது கிரெடிட் விவகாரம். அங்கே படித்த பாடத்தை இங்கே எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பார்கள் என்பதை, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தை போதாது. சொன்னவர் அடுத்த செமஸ்டரில் அந்தப் பொறுப்பிலேயே இல்லாமல் போகலாம்.

ஸ்டூடியோ பாடங்களில் கிரெடிட் கணக்கு குழப்பமானது. பல கல்லூரிகளில் ஒரு ஸ்டூடியோ கிரெடிட்டுக்கு விரிவுரை கிரெடிட்டைப் போல இரண்டு மடங்கு நேரம் வகுப்பில் இருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆகவே இரண்டு கல்லூரிகளின் கிரெடிட் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். பாடத்திட்டம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மதிப்பீட்டு முறை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே வாங்கி உங்கள் துறைக்கு அனுப்புங்கள்.

கேட்ட பாடங்களோடு இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். அச்சுக்கலை, செராமிக், மாடலை வைத்து வரைதல் போன்றவை சீக்கிரம் நிரம்பிவிடும். அச்சு இயந்திரமும் சூளையும் எத்தனை பேருக்குத் தாங்குமோ அத்தனை இடம்தான் வைப்பார்கள். பாடம் மாற்ற விடும் காலம் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். அந்த அவசரத்தில் ஊரிலிருந்து பதில் வரும் என்று காத்திருக்க முடியாது.

எத்தனை பாடம் எடுப்பது? ஸ்டூடியோ பாடம் இரண்டு, கலை வரலாறு ஒன்று, இலகுவானது ஒன்று. அருங்காட்சியகத்திலேயே நடத்தும் கலை வரலாற்றுப் பாடம் இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதை எடுங்கள். மூன்று ஸ்டூடியோ பாடம் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வாரம் ஆறு மணி நேர வகுப்பு, அதே அளவு வெளிவேலை என்று வாரமே தீர்ந்துவிடும். வார நாளில் ஒரு முழுக் காலை நேரம் காலியாக இருக்கும்படி கால அட்டவணையைப் போடுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

செராமிக் எடுப்பவர்கள் நாட்களை எண்ணிப் பாருங்கள். செய்த பாத்திரம் காய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பிறகு ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் முதல் சுடுதல், அதன்பின் மெருகு பூசி இரண்டாம் சுடுதல். நடுவில் சூளைக்கு வரிசை. மொத்தத்தில் மூன்று நான்கு வாரம். ஈரம் இருக்கும்போதே சூளையில் வைத்தால் உள்ளே நீராவி கிளம்பிப் பொருள் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர் செய்ததும் சேர்ந்து உடையும். 11ஆம் வாரத்துக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

அறையும் சுமையும்

அறை தேடும்போது நகரத்தின் அழகான பகுதியைப் பார்க்காதீர்கள், ஸ்டூடியோவுக்கு உள்ள தூரத்தைப் பாருங்கள். ஏ1 பலகை 594 × 841 மில்லிமீட்டர். காலை நெரிசலில் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறி, நடுவில் ஒரு வண்டி மாற வேண்டும் என்றால் மூன்றாம் வாரத்தில் பெரிய படம் வரைவதையே விட்டுவிடுவீர்கள். நடந்து போகும் தூரம் நல்லது. முடியாவிட்டால் வண்டி மாறாத வழித்தடத்தில் பாருங்கள். அப்படியும் அமையாவிட்டால் ஏ2வுக்கு மேல் போகாமல் திட்டமிடுங்கள்.

கல்லூரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்டூடியோ இரவிலும் வார இறுதியிலும் திறந்திருக்குமா, வருகை மாணவருக்கும் அந்த அனுமதி உண்டா, லாக்கர் என்ன அளவு? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிரந்தர மாணவரின் அட்டை கதவைத் திறக்கும், வருகை மாணவரின் அட்டை மாலையில் செயலிழந்துவிடும் என்பது பல இடங்களில் நடப்பது.

தூங்கும் அறையில் ஆயில் பெயிண்ட் வேண்டாம். அதைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவியை இரவெல்லாம் சுவாசிக்க நேரும். அறையில் செய்ய கௌவாஷ் (நீரில் கரையும், ஒளி ஊடுருவாத வண்ணம்), வாட்டர்கலர், அக்ரிலிக், பென்சில் போதும்.

எதைக் கொண்டுபோவது

டர்பன்டைனையும் தின்னரையும், பென்சில் படம் கலையாமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸட்டிவையும் விமானத்தில் எந்தப் பையிலும் வைக்க முடியாது. ட்யூபில் உள்ள ஆயில் பெயிண்ட் எளிதில் தீப்பற்றாதது, பொதுவாகச் செக்-இன் பையில் போகலாம். ஆனால் "பெயிண்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் சோதனையில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்து ட்யூபுகளோடு வையுங்கள். கத்திகளும் செக்-இன் பையில்தான். கைப்பழகிய தூரிகைகள், ஸ்கெட்ச்புக், பென்சில்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துப்போய் மற்றதை அங்கே வாங்குவது சுலபம். அதையும் முதல் வகுப்பில் ஆசிரியர் பட்டியல் கொடுத்த பிறகு வாங்குங்கள்.

ஆறு ட்யூப் போதும்: டைட்டானியம் வெள்ளை 200 மில்லி, மற்றவை 37 அல்லது 40 மில்லியில் மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு). ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் வண்ணத் தொகுப்பில் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன், கறுப்பு என்று நான்கே வண்ணங்கள். முகங்களுக்கு அதுவே தாராளம். ஓக்கரும் அம்பரும் மாணவர் தரத்திலேயே நன்றாக இருக்கும். காட்மியம் அப்படியல்ல. மாணவர் தரத்தில் வருவது பெரும்பாலும் வேறு நிறமியால் செய்த மாற்று. கலக்கும்போது அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் காகிதம். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திக் காகிதம் வாங்குங்கள். மட்டமான காகிதம் நீர்த்த வண்ணத்தை இரண்டாவது முறை பூசும்போதே நார் பிரிந்து திரிதிரியாக எழும். தன் கை சரியில்லை என்று மாணவர் நினைத்துக்கொள்வார், தவறு காகிதத்துடையது.

அருங்காட்சியகத்தில் வேலை செய்வது

ஒரே ஒரு அருங்காட்சியகத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை, போகும் வழியில் இருந்தால் சரி. வாரத்தில் அந்தக் காலியான காலை நேரம் இதற்குத்தான். திறந்தவுடன் உள்ளே போனால் முதல் ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கும். விடுமுறை நாளைப் பார்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்: பாரிஸின் லூவ்ரு செவ்வாயன்று மூடியிருக்கும், அங்கேயே உள்ள ஓர்சே திங்களன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் புதனன்று. மாலையில் நீட்டித்துத் திறக்கும் நாள் பல இடங்களில் உண்டு. லண்டன் நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மாட்ரிட்டின் பிராடோவில் நாள்தோறும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இலவசம் என்றால் இருபது நிமிடத்துக்கு உள்ளே போய் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். கட்டணம் கொடுத்து நுழைந்தவருக்கு எல்லா அறையையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று தோன்றும், பார்வை கெட்டுப்போகும். கட்டணம் உள்ள நகரம் என்றால் கல்லூரி அட்டைக்கு இலவச நுழைவு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் தனி நுழைவுச்சீட்டின் விலையை 12ஆல் பெருக்கி, மாணவர் ஆண்டு உறுப்பினர் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரைவதற்கு விதிகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் பென்சில் மட்டும்தான். சார்கோலும் பேஸ்டலும் தூசு கிளப்பும், மையும் வண்ணமும் சிந்தும். ஸ்கெட்ச்புக் ஏ4 அளவில் இருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். 2பி, 4பி பென்சில்களில் நான்கைச் சீவியே எடுத்துப்போங்கள், அங்கே சீவக் கூடாது. துகள் உதிராத பிசையும் ரப்பர் ஒன்று. சிறப்புக் கண்காட்சிகளில் பல சமயம் வரைய விடுவதில்லை, அதை நிரந்தரச் சேகரிப்பில் செய்யுங்கள். மடக்கு நாற்காலி தரும் இடங்கள் உண்டு, நுழைவாயிலில் கேட்டால் கொடுப்பார்கள்.

ஒரு வருகைக்கு 90 நிமிடம், ஒரு படம். முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள், பிறகு பாதித் தூரம், பிறகு காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருக்கம், கடைசியாகப் பக்கவாட்டில் நின்று மேற்பரப்பு. பிறகு 5 × 7 சென்டிமீட்டரில் மூன்று சிறு படங்கள், வெளிச்சம், நடு நிறம், இருள் என்று மூன்றே தொனியில், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தொனி பிரியும். அடுத்து 25 நிமிடம் கட்டமைப்பு: எந்தச் சாய்கோடு எதைத் தொடுகிறது, கண் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது. அடுத்து 30 நிமிடம் ஒரே ஒரு துண்டு, ஒரு கை அல்லது ஒரு துணி மடிப்பு. மிச்ச நேரத்தில் எழுதுங்கள். எந்த விளிம்பு கூர்மை, எது கரைந்திருக்கிறது, தூரிகை எந்தத் திசையில் ஓடியிருக்கிறது.

இப்படிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லண்டன் கென்வுட் ஹவுஸில் உள்ள, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தன்னுருவம், பின்னால் இரண்டு வட்டங்கள் உள்ளது, நல்ல எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 1665இல் வரைந்தது. தூரத்திலிருந்து முகம் முழுமையாக, தோலின் கனத்தோடு நிற்கும். நெருங்கிப் போனால் தலையிலுள்ள வெள்ளைத் தொப்பி விரல்விட்டு எண்ணக்கூடிய கனமான தூரிகை வீச்சுகள்தான். வண்ணப் பலகை பிடித்த கை இன்னும் விநோதம்: விரல்களே இல்லை, கரடுமுரடாக இழுத்த சில கோடுகள். முகத்தில் அத்தனை உழைத்தவர் கையை அப்படியே விட்டிருக்கிறார். எங்கே முடிப்பது, எங்கே விடுவது என்ற தீர்மானம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கணினித் திரையில் இது தெரியாது. தொப்பியில் வண்ணம் மேடாக எழுந்திருப்பதும் பலகையில் மெலிந்து கிடப்பதும் திரையில் ஒரே தட்டையாகிவிடும்.

ஐந்து வாரத்துக்கு ஒரே கூடத்தில் இருங்கள். பிறகு முதல் வாரம் பார்த்த படத்துக்கே திரும்பிப் போய் மறுபடி வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும்.

மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தாதது காகிதப் படைப்புகளுக்கான ஆய்வு அறை. காகிதத்தில் உள்ளவை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கலான ஒளியில், சில மாதங்களுக்கு மட்டுமே சுவரில் வைப்பார்கள். மற்ற காலமெல்லாம் அவை பெட்டிக்குள். ஆனால் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மைக்கலாஞ்சலோ, ரஃபேல், டூரர் ஆகியோரின் வரைபடங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கும் இன்னும் பல பெரிய அருங்காட்சியகங்களிலும் இப்படி ஓர் அறை உண்டு. பேராசிரியர்களுக்கு மட்டும் என்று நினைத்து மாணவர்கள் ஒதுங்குகிறார்கள், அது தவறு. இணையப் பட்டியலில் படைப்பின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, சில வாரம் முன்பே மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள். அடையாள அட்டை, கழுவி உலர்த்திய கை, பென்சில். ஒரு காலைக்கு ஐந்தாறு படைப்புக்கு மேல் கேட்காதீர்கள்.

கேன்வாஸ் வைத்து மூலப் படத்தை நகலெடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஊரிலிருந்தே தொடங்குங்கள். லூவ்ரில் நகலெடுப்போரை அனுமதிப்பது 1793இலிருந்து நடக்கிறது. நகலின் அளவு மூலத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது வேறுபட வேண்டும் என்பது அங்கே விதி. மெட்ரோபாலிட்டனில் 1872இலிருந்து அனுமதி உண்டு. விண்ணப்பம், மாதிரிப் படம், காத்திருப்புப் பட்டியல் எல்லாம் இருப்பதால் போய்ச் சேர்ந்தபின் கேட்டால் செமஸ்டருக்குள் முறை வருவது அரிது.

கேலரிகளும் மாடல் வகுப்பும்

வணிகக் கேலரிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரும்பாலானவை செவ்வாய் முதல் சனி வரை திறந்திருக்கும். திறப்பு விழா மாலையில் மனிதர்களைத்தான் பார்க்க முடியும், படத்தைப் பார்க்க வார நாள் பகலில் மறுபடி போங்கள். முன்மேசையில் படைப்புப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், கொடுப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். படத்தோடு மாட்டியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். படத்தின் நடுப்புள்ளி பொதுவாகத் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு படத்துக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம், கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்பை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்து வையுங்கள். இறுதி மதிப்பீட்டில் உங்கள் சுவரை நீங்களே அமைக்க வேண்டியிருக்கும்.

முன்பதிவின்றிப் போய் உட்காரக்கூடிய மாடல் வரைதல் அமர்வுகள் பெருநகரங்களில் வாரம் முழுக்க நடக்கும். ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து, இருபது என்று நேரம் கூடிக்கொண்டே போகும். கேமராவை எடுக்கவே கூடாது, ஓய்வு நேரத்திலும்கூட. ஒரு நிமிட வரைதலில் முகத்தில் தொடங்கினால் கால் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதல் கோட்டில் பிடியுங்கள்.

ஸ்டூடியோவில்

கூட்டு விமர்சன வகுப்பில் பலர் தங்கள் படத்தை நீளமாக விளக்கிவிட்டு, மற்றவர் பேச நேரமில்லாமல் செய்துவிடுகிறார்கள். படத்தை மாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லுங்கள்: "இடது பக்கம் கனமாக இருக்கிறதா?" என்பது போல. பிறகு பேசாமல் கேளுங்கள். உங்களைப் பற்றிப் பேசும்போது உங்களாலேயே எழுத முடியாது, பக்கத்து மாணவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், அவர் முறையில் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு உண்டாகும், கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து மூடி வையுங்கள். காய்ந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்க நேர்ந்தால் ஈரமாக்கித் தேயுங்கள். காட்மியம், ஈயம் கலந்த தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது.

ஆயில் பெயிண்ட் காயும் கணக்கு தெரியாமல் பலர் செமஸ்டர் முடிவில் தவிக்கிறார்கள். அம்பரில் உள்ள மாங்கனீஸ் காய்தலைத் துரிதமாக்கும், மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், தடிமனாகப் பூசியிருந்தால் மாதங்கள்கூட. கடைசி நான்கு வாரத்தில் தடித்த ஆயில் பூச்சு வேண்டாம். அக்ரிலிக்குக்கு மாறுங்கள், அல்லது காய்தலை விரைவாக்கும் ஆல்கிட் மீடியம் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள், அது ஒரு நாளில் காயும். வார்னிஷ் பூசுவதை ஊரில் ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திரும்பக் கொண்டுவருவதை நினைத்து முதலிலிருந்தே சட்டத்தில் இழுக்காத கேன்வாஸில் வேலை செய்யுங்கள். சுவரில் ஒட்டி, நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் வெற்று ஓரம் விட்டு வரைந்தால் பின்னால் சட்டம் பொருத்தலாம்.

கடைசி இரண்டு வாரம்

முதலில் புகைப்படம். சுருட்டுவதற்கு முன், மதிப்பீட்டுக்கும் முன். மேகமூட்டமான பகலில் நிழலில் வைத்து எடுத்தால் போதுமானது. உள்ளே எடுப்பதென்றால் ஒரே மாதிரி விளக்குகள் இரண்டை இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள், அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள். லென்ஸ் படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும், இல்லாவிட்டால் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் சாம்பல் நிற அட்டை வைத்து எடுத்தால் எல்லாவற்றுக்கும் நிறம் திருத்த உதவும். நெருக்கமாக ஒரு துண்டும் எடுங்கள்.

சுருட்டும்போது வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். உட்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப் படலம் நசுங்கி மடியும், விரித்ததும் அந்த இடங்களில் சுருக்கம் நிற்கும். குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், தடித்த பூச்சென்றால் இன்னும் அகலம். வண்ணத்தின் மேல் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதற்கு மேல்தான் குமிழ் உறை. குமிழ் உறை நேரடியாகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் பதியும். அக்ரிலிக் குளிரில் விறைத்து விரிசல் விடும், சரக்குப் பகுதியிலிருந்து வந்த குழாயை அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்துவிட்டுத் திறங்கள்.

ஊர் திரும்பும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், வகுப்பு நேரக் கணக்கு, ஆசிரியரின் எழுத்து மதிப்பீடு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் வரும். அதை உங்கள் கல்லூரிக்கு நேரடியாக அனுப்பும் விண்ணப்பத்தை அங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். நூலகப் புத்தகமோ ஸ்டூடியோ சாவியோ பாக்கி இருந்தால் அந்தப் பட்டியலை நிறுத்தி வைப்பார்கள்.